34 வயதில் பத்தாம் வகுப்பு: எங்கே தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. இந்த வயதில் பத்தாம் வகுப்பு எழுத முடியுமா, அதை விட்டுவிட்டு நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்துவிடலாமா, ஒன்பதாவது படிக்கும் மகளோடு சேர்ந்தே அடுத்த வருடம் தேர்வு எழுதலாமா. அப்பா இறந்த வருடம் பள்ளியை விட்டு நின்றதையும், வேலைக்குப் போய்த் தம்பிகளைப் படிக்க வைத்ததையும் இரண்டே வரியில் சொல்லிவிட்டு, "எனக்குப் படிப்பு வராது சார்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை நான் ஏற்க மாட்டேன். படிப்பு வராமல் நின்றவர் வேறு, குடும்பத்துக்காக நின்றவர் வேறு. உங்களுக்குப் படிப்பு வருமா வராதா என்பதைப் பார்க்கவே யாரும் வாய்ப்புத் தரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் வருடங்களையும் பணத்தையும் இழக்கிறார்கள். பள்ளிப்படிப்பு இல்லாமலே பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்த பட்டத்தைத்தான் அரசுப் பணிக்கு ஏற்போம் என்று தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டிலேயே அரசாணை போட்டுவிட்டது. அந்த வரிசை இல்லாமல் பட்டம் வாங்கி, வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போய் நின்று, திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். நாற்பது வயதுக்கு மேல் அவர்கள் மறுபடி பத்தாவதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நீங்கள் இப்போதே அடியிலிருந்து வாருங்கள்.

சரி, எழுத முடியுமா? முடியும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. மகளின் புத்தகங்களே உங்களுக்கும் உதவும். ஆனால் கணிதத்தைத் தவிர்க்க முடியாது, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் தனியாகப் பதிந்து வகுப்புக்குப் போய்வர வேண்டும். இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கிய, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு அது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கப்போகும் உங்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

காரணம் அதன் விதிகளில் இருக்கிறது. பத்தாவதில் சேர 14 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல்வரம்பு கிடையாது. ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் மாதங்களிலும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒரு தவணையில் இரண்டு பாடம், அடுத்ததில் ஒன்று என்று எழுதிக்கொண்டே போகலாம், தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும். நடுவில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு தவணையை விட்டுவிடலாம். முன்பு ஒரு கஷ்டம் வந்ததும் படிப்பு மொத்தமாகப் போயிற்று. இங்கே ஒரு தவணை மட்டும்தான் போகும்.

கணக்கு என்றால் நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கணிதம் கட்டாயமில்லை. ஆனால் விடுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: பாலிடெக்னிக் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் பத்தாவதில் கணிதமும் அறிவியலும் கேட்பார்கள். உங்கள் விருப்பம் அலுவலக வேலை என்பதால் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், வணிகக் கல்வி, கணினித் தகவல் உள்ளீடு என்று எடுக்கலாம். தமிழை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இப்போது தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். எந்தப் பதவிக்கு என்ன வயது வரம்பு என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள், பதவிக்குப் பதவி அது மாறும். தமிழ் வழியில் எழுதுவதென்றால், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் தமிழ் வழியில் இருக்கிறதா என்று பதியும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பதிவை நீங்களே அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் செய்யுங்கள், அல்லது அதன் அங்கீகாரம் பெற்ற படிப்பு மையத்துக்கு நேரில் போங்கள். "பாஸ் கேரண்டி", "ஒரே மாதத்தில் சர்டிபிகேட்" என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த ஏமாற்றில் சிக்குபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்தான், எனக்கு அதில் தாங்க முடியாத கோபம் உண்டு. எட்டாவது தேறிய சான்று தொலைந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம், பத்தாவது படிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறேன் என்று சுய உறுதிமொழி தரவும் வழி உண்டு. பிறந்த தேதிக்கான சான்று மட்டும் கட்டாயம் வேண்டும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். பத்தாவது சான்றிதழ்தான் இனி எல்லா இடத்திலும் உங்கள் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் போகிறது, அதில் ஓர் எழுத்து தவறினாலும் பிறகு அலைச்சல்.

படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். திரும்பப் படிக்க வருபவர்கள் பாடத்தை ஐந்தாறு முறை வாசிக்கிறார்கள், வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், விடைத்தாளில் ஒன்றும் வராது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அரைமணி நேரம் கிடைத்தால் பத்து நிமிடம் வாசியுங்கள், புத்தகத்தை மூடிவிட்டு மீதி இருபது நிமிடம் எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தேர்வில் மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டும், பல வருடம் எழுதாத கை அரைமணியிலேயே வலிக்கும். விடை தெரிந்தும் எழுதி முடிக்க முடியாமல் போனவர்கள் நிறையப் பேர். மையத்தில் தரும் ஒப்படைப்புகளையும், அதாவது வீட்டிலேயே எழுதித் தர வேண்டிய பயிற்சிகளையும், உரிய நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 98 மதிப்பெண் வாங்கியதைச் சொல்லி யாராவது உங்களை ஊக்கப்படுத்தலாம். அந்த அம்மாவை நானும் வணங்குகிறேன். ஆனால் சம்பளத்துக்கு ஓடிக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு படிப்பவர் தன்னை யாரோடும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

மகளோடு சேர்ந்து எழுதுவது பற்றி. ஆசை புரிகிறது, இருந்தாலும் ஐந்து பாடத்தையும் அந்த ஒரே வருடத்தில் வைக்காதீர்கள். அவளுக்கும் அது பொதுத்தேர்வு வருடம். உங்கள் மதிப்பெண்ணையும் அவள் மதிப்பெண்ணையும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள், யாருக்குக் குறைந்தாலும் வலி வீட்டுக்குள்தான். அவள் தேர்வு எழுதும் ஏப்ரலில் நீங்கள் தமிழும் சமூக அறிவியலும் மட்டும் எழுதுங்கள். ஆங்கிலமும் வணிகக் கல்வியும் அக்டோபருக்கு, தகவல் உள்ளீடு அதற்கடுத்த ஏப்ரலுக்கு. பத்தாவது தேறிய பிறகு இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால்தான் பன்னிரண்டாவது சான்றிதழ் முழுமையாகக் கிடைக்கும், அதனால் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் மகளிடமே கேளுங்கள். பாடம் தேர்ந்தெடுத்ததும், கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டியலை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.