செஞ்சிலந்தி: இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

பாளையங்கோட்டையில் இருந்து: அண்ணாச்சி, கொடைக்கானலில் வாங்கிய ஸ்ட்ராபெரி நாற்று நாலு, மாடியில் பையில் நிற்கிறது. இலையில் ஊசியால் குத்தியதுபோல வெள்ளைப் புள்ளி, அடியில் நூலாம்படை. என்ன பூச்சி?

பூச்சியே இல்லை தம்பி, எட்டுக் காலோடு சிலந்திக்குச் சொந்தக்காரன். ஒரு வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள், விழுந்த தூள் நகர்ந்தால் செஞ்சிலந்திதான். பெயரை நம்பிச் சிவப்பாகத் தேடாதீர்கள், வெளிர் பச்சையில் முதுகில் இரண்டு கறுப்புப் புள்ளியோடும் இருக்கும். ஸ்ட்ராபெரி குளிருக்குப் பழகிய செடி, நம்ம ஊர் பங்குனி வெயிலில் தளத்துச் சூட்டோடு நின்றால் செடி வாடும், சிலந்தி கொழுக்கும். முதலில் நிழல்வலைக்கு மாற்றுங்கள். மோசமான இலையைக் கிள்ளி எரித்துவிட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி ஹோஸ் தண்ணீரை வேகமாக அடியுங்கள்.

ராதாபுரத்தில் இருந்து: கத்தரி அரை ஏக்கர். வேப்பெண்ணெய் அடித்துப் பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய் கலப்படமா?

எண்ணெயைத் திட்டாதீர்கள், முட்டை தப்பித்திருக்கும். 30 டிகிரி வெயிலில் முட்டை பொரிந்து வளர்ந்து அதுவே முட்டையிட ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு தாய் 100 முட்டை வரை இடும். அதனால் 5 நாள் இடைவெளியில் மூன்று தடவை அடித்தால்தான் கணக்கு. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதில் முதலில் காதி சோப்புக் கரைசலைக் கலந்து பிறகு தண்ணீர். தெளிப்பான் மூக்கு மேல்நோக்கி இருக்கட்டும், மேலாக அடித்தால் இலைக்குக் குளிப்பாட்டின மாதிரிதான். சாயங்காலம் அடியுங்கள், நான் ஒருதடவை மத்தியானம் அடித்து, வெண்டை இலை மொத்தமும் தீய்ந்துபோனதை நின்று பார்த்தேன். அப்புறம் உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலை சுற்றுகிற காற்று, சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு அதிலேயே அடுத்த வயலுக்குப் போகும். பாதைப் புழுதி படிகிற வரிசையை முதலில் பாருங்கள், பாதைக்கும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

களக்காட்டில் இருந்து: செஞ்சிலந்திக்கு அடிக்கிற கந்தகம் இயற்கை விவசாயத்தில் சேருமா?

நனையும் கந்தகத்தூள் சேரும், சான்றிதழ் வாங்குகிறவர் அதைத் தருகிறவர்களிடமும் கேட்டுவிடுங்கள். லிட்டருக்கு 2 கிராம். 32 டிகிரிக்கு மேல் வேண்டாம். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் தொடவே தொடாதீர்கள், இலை கருகும்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் விழுமா?

இதற்குச் சிறகு இல்லையே! வெள்ளை ஈக்கு வையுங்கள்.

சேரன்மகாதேவியில் இருந்து: சிலந்தி இருக்கிற இலையிலேயே குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்பு வண்டு திரிகிறது. அதற்கு என்ன அடிக்கலாம் அண்ணாச்சி?

ஐயோ, ஒன்றும் அடித்துவிடாதீர்கள்! அது பொறிவண்டு இனம், சிலந்தியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. பைரித்ராய்டு என்கிற ரசாயனப் பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் செஞ்சிலந்தி முன்னைவிடப் பொங்குவதற்கு இந்த மாதிரி ஆட்கள் செத்துப்போவது ஒரு முக்கியக் காரணம். வண்டு நிற்கிற செடிகளில் குச்சி நட்டு அடையாளம் வைத்து, ஒரு வாரம் வேப்பெண்ணெய்கூட வேண்டாம், சும்மா விட்டுப் பாருங்கள்.