கிட்டாரில் பெயிண்ட் பெயர்ந்தால் முழுசாக ஸ்ப்ரே அடிக்கணுமா?

கேள்வி: ₹9,000 கொடுத்து வாங்கிய கறுப்பு அக்கூஸ்டிக் கிட்டார் மேஜையில் இடித்து, விளிம்பில் உளுந்து அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. மரம் தெரிகிறது. முழுசாக ஸ்ப்ரே அடிக்க ₹4,500 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கார் டிங்கரிங் பட்டறையில் கொடுத்து வாங்கித் தரும் இடைத்தரகர்களிடம் இன்னும் உஷார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜோடு சேர்த்துக் கனமாக அடித்துவிடுவார்கள். மேல்பலகை அதிர முடியாமல் சத்தம் அமுங்கிப்போகும்.

உங்கள் விலைக்கு வரும் கிட்டாரின் பூச்சு அநேகமாக ‘பாலி’தான், அதாவது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். அது வெந்த முட்டை மாதிரி. இறுகிய பிறகு தின்னரில் கரையாது. கிப்சன், மார்ட்டின் போன்ற கம்பெனிகளின் விலை கூடிய கிட்டார்களில் வரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வெல்லம் மாதிரி. புதுப் பூச்சு பழையதை இளக்கி ஒன்றாகிவிடும், ஒட்டு தெரியாது. பாலியில் உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியத்தான் செய்யும். சோப்பு உறையில்கூட என்ன கலந்திருக்கிறது என்று போடுகிறார்கள். கிட்டார் பெட்டியில் பூச்சின் பெயரைப் போட யாருக்கும் மனசு வருவதில்லை. பெல்ட் மாட்டும் குமிழைக் கழற்றி, அதன் அடியில் என்.சி. தின்னரை பட்ஸில் ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் பாலி இல்லை, கீழே சொல்வதைச் செய்யாதீர்கள்.

பாலி என்றால் தூசியைத் துடைத்து, கறுப்பு நெயில் பாலிஷை மரத்தின் மேல் மட்டும் மெலிதாக வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு பல்குச்சி நுனியால் ஃபெவிகுவிக் ஒரு சொட்டு. காய்ந்ததும் அடுத்த சொட்டு. குழி நிரம்பி ஒரு மயிரிழை மேலே நிற்கணும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே வெந்து, நுரைத்து வெளுத்துவிடும். மறுநாள் பிளேடின் இரு முனையிலும் செலோ டேப் சுற்றி, நடுப்பகுதியால் மேட்டை மட்டும் சுரண்டுங்கள். டேப்பின் கனம் அக்கம்பக்கத்துப் பூச்சைக் காக்கும். அப்புறம் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 1000, 1500, 2000 நம்பர், சோப்புத் தண்ணீர் தொட்டு. விளிம்பில் பூச்சு மெலிது. இரண்டு தேய்ப்பு கூடினால் மரம் வந்துவிடும். கடைசியில் பளபளப்பாக்க ரப்பிங் காம்பவுண்ட் பசை.

உங்களுடையது பளபளப்பா, மங்கலான ‘மேட்’ பூச்சா என்று நீங்கள் எழுதவில்லை. மேட் என்றால் காம்பவுண்ட் பக்கமே போகாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னும். அதை மங்கவைக்க இன்னும் கொஞ்சம் தேய்ப்பீர்கள், பளபளப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். பழைய மங்கல் திரும்பாது. முழு ஸ்ப்ரேயை விற்பவர்களுக்குக் கொண்டாட்டமே அப்போதுதான். மேட் பூச்சில் நெயில் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழி இருக்கும், இருக்கட்டும்.