மூன்றாவது முறை நீட் வேண்டாம்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. மகள் இரண்டு தடவை நீட் எழுதியும் சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. இன்னொரு தடவை கோச்சிங் என்கிறார் அப்பா. நெல்லிக்குப்பத்து நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்கச் சொல்கிறார் பெரியப்பா. பெண் கேட்பது சைக்காலஜி.

ஐயா, நிலத்தில் கை வைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் போட உங்கள் அண்ணனுக்கு ஒரு டாக்டர் வேண்டும், கடனைக் கட்டப்போவது நீங்கள். உங்கள் மகளுக்குப் பயாலஜி கசக்கிறது. ஆனால் சொந்தத்தில் யார் யாரோடு எப்போதிலிருந்து பேசுவதில்லை, ஏன் என்று கேட்டால் அசராமல் சொல்கிறாள். இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்: குடும்ப சிகிச்சையாளர்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் 1954 முதல் சில ஆண்டுகள், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் வந்தவர்களோடு அவர்கள் குடும்பத்தையும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். வீட்டிலுள்ள பதற்றம் ஒருவர் மேல் போய் இறங்குகிறது என்பது அவர் கண்டது. இருவருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இதை முக்கோணம் என்றார். (அண்ணன் தம்பிக்குள் பேசித் தீராத ஏதோ ஒன்று, நீட் என்ற பெயரில் உங்கள் பெண் தலையில் விழுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.) சிகிச்சையாளர் மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பகைக்கு நெளிகோடு. இதற்கு ஜீனோகிராம் என்று பெயர். போவன் 1990இல் இறக்கும்வரை இதே வேலையில்தான் இருந்தார். வயது கூடக்கூட மதிப்பும் கூடுகிற தொழில் இது. நம் பக்கத்திலும் புதிதல்ல, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் தங்குவது பல காலமாக உள்ள வழக்கம்.

சரி, வழி? சைக்காலஜியில் இளங்கலை, அப்புறம் மருத்துவ-மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணித் துறை இருக்கிறது. தபால்வழி சைக்காலஜி வேண்டவே வேண்டாம், 2025 முதல் யுஜிசி அதை நிறுத்திவிட்டது. முதுகலைக்குப் பிறகான பயிற்சிக்கு எம்.ஃபில் இருந்தது, அந்த விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தக் கட்டத்தில் விசாரித்துக்கொண்டு சேருங்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. கோச்சிங்குக்கு எடுத்து வைத்த பணத்தை அவள் முதுகலைக்கு ஒதுக்குங்கள். பெரியப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.