துடைப்பமும் கம்பிவலையும்

வீடு கட்டுவோரின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளரின் பதில்கள். இம்முறை வந்த கடிதங்களில் பாதி, காட்டுத்தீயைப் பற்றியவை.

கேள்வி: காட்டையொட்டி வீடு கட்டுகிறோம். சுற்றிலும் 100 மீட்டருக்கு ஒரு மரம்கூட இருக்கக் கூடாது என்கிறார் மேஸ்திரி. வெட்டிவிடலாமா?

மேஸ்திரியிடமிருந்து கோடரியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுங்கள். நெருப்பு மதில்போல எழுந்து வந்து வீட்டை விழுங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளை எரிப்பது காற்றில் பறந்து வரும் கங்கு. அது தீக்கு வெகு முன்னால், கிலோமீட்டர் கணக்கில்கூடப் பறந்து வந்து விழும்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜேக் கோஹன், கனடாவில் நிஜமாகவே காட்டைக் கொளுத்தி, எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். காட்டிலிருந்து 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றிக்கொண்டன. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. மர உச்சிகளில் தாவும் தீ ஓரிடத்தில் கொழுந்துவிட்டு எரிவது ஓரிரு நிமிடம்தான். ஆகவே 30 மீட்டர் வரை மரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, கிளையோடு கிளை உரசாமல், தாழ்ந்த கிளைகளைக் கழித்து வைத்தால் போதும். வீடு சரிவின் மேலே இருந்தால் மட்டும் கீழ்ப்பக்கம் இந்தத் தூரத்தை இன்னும் கூட்டுங்கள். தீ மேட்டில் வேகமாக ஏறும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது சுவரையொட்டிய முதல் 1.5 மீட்டர். அங்கே கருங்கல் சல்லியோ சிமென்ட் தளமோ மட்டுமே இருக்கட்டும். புதர், மரச்சிராய், விறகுக் குவியல், பிளாஸ்டிக் தொட்டி எதுவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது, சாம்பலுக்கு நடுவே சிவப்புக் கூரை வீடு ஒன்று நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். உலோகக் கூரை போட்டு, சுவரோரச் செடிகளை அகற்றி, கல் பரப்பியிருந்தார்கள். அதுவும் தீயை நினைத்து அல்ல, கரையானுக்குப் பயந்து! வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் இருந்ததும் கைகொடுத்தது.

கேள்வி: எங்களுடையது செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. எரிவதற்கு என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பதெல்லாம் எரியும், ஐயா. துணி, மெத்தை, மர அலமாரி. கங்குக்குத் தேவை ஒரு சந்து.

நான் வீடு பார்க்கப் போனால் முதலில் ஏணி கேட்பேன். கூரையோர மழைநீர் வாய்க்காலில் கை விட்டால் ஒரு பிடி காய்ந்த சருகு வரும். விளிம்பு ஓட்டின் திறந்த வாயில் குருவிக் கூடு இருக்கும். பரணுக்குக் காற்றுவிடும் துளையில் விரல் நுழையும் அகலத்துக்கு வலை இருக்கும். இந்த மூன்றும் போதும், செங்கல் சுவர் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். ஓட்டு வாயைச் சாந்து வைத்து அடையுங்கள். துளைக்கு உலோகக் கம்பிவலை. ஆஸ்திரேலிய விதிப்படி கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நைலான் வலை உருகிவிடும். கலிஃபோர்னியா 2008 முதல், தீ அபாயப் பகுதிகளின் புது வீடுகளுக்கு இத்தகைய விதிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்தது ஜன்னல். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் விரிசல்விட்டு விழும், பிறகு வீடு திறந்த வீடுதான். இரட்டைக் கண்ணாடி போட்டு, அதில் ஒன்றையாவது உறுதியூட்டிய கண்ணாடியாக வையுங்கள்.

கேள்வி: கூரைமேல் நீர்த் தெளிப்பான் வைக்கலாமா?

முதலில் வலையை மாட்டுங்கள். தீ நாளில் மின்சாரம் போகும், குழாயில் அழுத்தம் குறையும், தெளிக்கும் நீரைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோகும். தனித் தொட்டியும் டீசல் பம்பும் இருந்தால் பிறகு பேசலாம்.

கேள்வி: நான் எல்லாம் செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் கவலை நியாயமானது. காட்டு மரம் நிமிடத்தில் எரிந்து ஓயும். ஒரு வீடு மணிக்கணக்கில் எரியும், அடுத்த வீட்டைச் சுட்டுக்கொண்டே இருக்கும். 2021 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் புல்வெளித் தீயைப் புயல்காற்று குடியிருப்புக்குள் தள்ளியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. பலவும் ஒன்றிலிருந்து ஒன்று பற்றியவை. இரு வீட்டையும் இணைக்கும் மரவேலியை முதலில் பாருங்கள்; அது திரிபோல வேலை செய்யும். சுவரைத் தொடும் கடைசிப் பகுதியையாவது இரும்பாக மாற்றுங்கள், செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடியிருப்புச் சங்கம் இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: வெளியேற எத்தனை சாலை? 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் தீயில் 85 பேர் இறந்தார்கள். தப்பியோடிய கார்கள் நெரிசலில் திணறி நின்றன. ஒரே வாசல் வைத்த மனை வரைபடத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: இவ்வளவும் செய்தால் தீயின்போது வீட்டிலேயே இருக்கலாமா?

இருக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததும் கிளம்புங்கள். நேரம் இருந்தால் மட்டும் இவற்றைச் செய்யுங்கள்: எரிவாயுவை மூடுங்கள், ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையைக் கழற்றுங்கள், வாசல் மிதியடியையும் பிரம்பு நாற்காலியையும் உள்ளே போடுங்கள். விளக்கை எரியவிட்டுப் போங்கள். புகையில் தீயணைப்பு வீரர்களுக்கு வீடு இருக்குமிடம் தெரியும்.