ஆரோக்ய சேதுவை நீக்கினால் என் விவரமும் போய்விடுமா?

கேள்வி: 2020இல் அலுவலகத்தில் கட்டாயம் என்றதால் அரசின் கொரோனா ஆப்பான ஆரோக்ய சேது போட்டேன். இப்போது நீக்கிவிட்டால் என் விவரமெல்லாம் அழிந்துவிடுமா? இனி இப்படி ஒரு ஆப் வந்தால் எதைப் பார்த்துப் போடுவது?

ஆப்பை அப்படியே நீக்கினால் போனில் இருப்பது மட்டும்தான் போகும். பதிவின்போது கொடுத்த பெயர், போன் எண், வயது, தொழில் எல்லாம் அரசின் சர்வரில் ஏறியவை. அதனால் முதலில் செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள். அப்புறம் ஆப்பை எடுங்கள். அதிலேயே ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) எடுத்திருந்தால் அது தனிக் கணக்கு, இதோடு போகாது. ஆரோக்ய சேதுவில் தொற்று வந்தவரோடு யார் இருந்தார் என்று கண்டறியும் வசதியை நிறுத்தி, அதில் சேர்ந்த தரவை அழித்துவிட்டதாக 2023 பிப்ரவரியில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது.

அடுத்த ஆப் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, யார் யாரோடு இருந்தார் என்பதைப் பொருத்திப் பார்ப்பது உங்கள் போனா, அரசின் சர்வரா என்பதைத்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் போன்கள் புளூடூத் வழியாக மாறிக்கொண்டே இருக்கும் குறியீடுகளைப் பரிமாறிக்கொள்ளும். மையப்படுத்திய முறையில் எந்தக் குறியீடு யாருடையது என்பது சர்வருக்குத் தெரியும். ஒருவருக்குத் தொற்று வந்து அவர் போனின் பதிவு மேலே ஏறினால், அவரோடு இருந்தவர்கள் யார் என்பதும், நோயே இல்லாதவர்கள் உட்பட, அங்கே தெரிந்துவிடும். கூகுளும் ஆப்பிளும் 2020 மே மாதம் கொடுத்த முறையில் தொற்று வந்தவரின் குறியீடுகள் மட்டுமே வெளியாகும். ஒப்பிட்டுப் பார்ப்பது அவரவர் போன். ஜெர்மனி மையமுறையைக் கைவிட்டு இதற்குத்தான் மாறியது. ஆரோக்ய சேதுவோ புளூடூத்தோடு ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் கேட்டது.

சிங்கப்பூரில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. ட்ரேஸ்டுகெதர் ஆப்பின் தரவு நோய்த் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று 2020இல் அமைச்சர் உறுதி சொன்னார். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீசும் அதைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஒரு கொலை வழக்கில் பயன்படுத்தியும் இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஓரிடத்தில் குவிந்த தரவுக்கு வாய்மொழி உறுதி காவல் ஆகாது. வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது, இந்த நாளுக்குள் அழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதா என்று பாருங்கள்.

அலுவலகம் கட்டாயம் என்றால், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 2020 மே 1இல் ஊழியர் எல்லோருக்கும் கட்டாயம் என்ற உள்துறை அமைச்சகமே, மே 17இல் அதை ‘இயன்றவரை’ என்று தளர்த்திவிட்டது.