கத்தி மந்திரிப்பு – கடிதம்

ஐயா,

எங்கள் தாத்தா தோட்டத்துக் கோயிலில் உபதேசியாராக, அதாவது ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவராக இருந்தவர். வீட்டைப் புதுப்பிக்கும்போது அவருடைய தகரப்பெட்டியில் கையடக்கமான ஒரு லத்தீன் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் 'ரித்துவாலே ரொமானும்', அதாவது ரோமைச் சடங்குப் புத்தகம் என்று இருக்கிறது. ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை எல்லாச் சடங்கும் இதில் உண்டாம். 1614-ல் ரோம் உலகம் முழுவதற்கும் கட்டளையாகக் கொடுத்த புத்தகம் என்று படித்தேன். சில பக்கங்கள் மெழுகால் ஒட்டிக்கிடந்தன. பிளேடால் சுரண்டியதில் ஒன்று கிழிந்துவிட்டது. இதை யாரிடம் ஒப்படைக்கலாம்? விலை போகுமா? சாமியார் ரப்பர் பால் வெட்டும் கத்திகளை மந்திரிப்பார், அதாவது செபம் சொல்லி ஆசீர்வதிப்பார் என்று பாட்டி சொல்வார். அந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் இதில் இருக்காது என்றே நினைக்கிறேன்.

– ஒரு வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த பிளேடைக் கீழே வையுங்கள். கரையானுக்கும் மழைக்கும் இத்தனை வருஷம் தப்பிய புத்தகம், படித்த பேரனிடம் ஒரே சாயங்காலத்தில் மாட்டிக்கொண்டது. விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

1614 சரி. 'கட்டளை' சரியில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் சங்கம் முடிந்தபின் வந்த, குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச்செபப் புத்தகமும் (1568) பூசைப் புத்தகமும் (1570) கட்டளைதான். இருநூறு வருஷப் பழக்கம் உள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் ஐந்தாம் சின்னப்பர் பாப்பு (போப்பாண்டவர்) இந்தச் சடங்குப் புத்தகத்தை வெளியிட்டபோது 'பயன்படுத்துங்கள்' என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிரான்சில் பல மறைமாவட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சொந்தப் புத்தகத்தையே வைத்திருந்தன. மலாயாவுக்கு வந்த சாமியார்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுக்காரர்கள். ரோமில் ஒருவர் விரலை ஆட்டினால் உலகமே ஆடியது என்று எழுதுவது சுலபம். கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்.

இப்போது கத்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த 'மூடநம்பிக்கை'தான்.

எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாக்கு விரித்து, வெட்டுக்காரர்கள் தங்கள் கத்திகளை வரிசையாக வைப்பார்கள். பக்கத்து லயத்து இந்துக்களும் வைப்பார்கள், யாரும் கேட்டதில்லை. ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர் பால்) வாடை சாக்கிலிருந்து எழும்பும். சாமியார் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார். எச்சில் தொட்டுப் புரட்டுவார், மறுபடி பின்னால் போவார். 'பெரியவர் மறந்துட்டாரு' என்று நாங்கள் சிரிப்போம்.

அவர் எதைத் தேடினார் என்பது ஐம்பது வருஷம் கழித்து அதே மாதிரிப் புத்தகம் ஒன்று என் கையில் கிடைத்தபோதுதான் புரிந்தது. மந்திரிப்புப் பகுதியில் தேனீக்கு உண்டு. பட்டுப்பூச்சிக்கு உண்டு. பாலாடைக்கட்டிக்கு, பீருக்கு, ரயிலுக்கு, தந்திக்கு, பிற்காலப் பதிப்புகளில் விமானத்துக்குக்கூட உண்டு. அவர்கள் ஊரில் எதை நம்பிப் பிழைத்தார்களோ அதெல்லாம் இருந்தது. ரப்பர் மரம் இல்லை, அதைச் சீவும் கத்தியும் இல்லை.

ஆனால் அந்தப் பகுதியில் 'ஆத் ஓம்னியா' என்று ஒரு சின்ன செபம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் என்று அர்த்தம். தனி மந்திரிப்பு இல்லாத எந்தப் பொருளுக்கும் எந்தக் குருவும் சொல்லலாம். உமது வார்த்தையால் எல்லாம் புனிதமாகிறது, இந்தப் படைப்பின்மேல் உம் ஆசீரைப் பொழியும், இதை நன்றியோடு பயன்படுத்துகிறவருக்கு உடல் நலமும் ஆன்மப் பாதுகாப்பும் தாரும் என்று போகும். பொருளின் பெயரே வராது. 'இந்த' என்ற சொல்தான். அங்கேதான் எங்கள் சாமியாரின் விரல் சாக்கைக் காட்டும். தீர்த்தம் தெளிப்பார்.

ஆக, உங்கள் பாட்டி சொன்னது புத்தகத்தில் இருக்கிறது தம்பி. கத்தி என்ற பெயரில் இல்லை, அவ்வளவுதான். லத்தீன் என்றாலே இறுகிப்போன சட்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்ட விஷயம் இது.

பழசெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. சபைச் சடங்குகளைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு அந்த ஒரு புத்தகம் தனித்தனியாகப் பிரிந்தது. 1969-ல் குழந்தை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், 1972-ல் நோயில்பூசுதல். நோயில்பூசுதலுக்கு முன்பு இருந்த அவஸ்தைபூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசுதல்) என்ற பெயர் போனது நல்லதே. அந்தச் சொல்லைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும் என்று சாமியாரைக் கூப்பிடவே பயந்தார்கள். 1984-ல் வந்த மந்திரிப்புப் புத்தகத்தில் தொழில் கருவிகளுக்கே தனிச் சடங்கு இருக்கிறது. அதற்குள் எங்கள் தோட்டத்தில் பாதி செம்பனையாகிவிட்டது.

மந்திரித்த மறுநாளே அப்பா கட்டைவிரலைச் சீவிக்கொண்டார். 'உன் கத்தி சாக்கு ஓரத்துல இருந்துச்சு, தண்ணி படல' என்றார் அம்மா, துணி சுற்றிக்கொண்டே.

யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு யாரிடமும் வேண்டாம். மெழுகு ஒட்டியது எந்தப் பக்கம் என்று எழுதவே இல்லையே? மேலே சிவப்பில் 'ஆத் ஓம்னியா' என்று இருக்கிறதா என்று பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சுரண்டாமல்.