டெஸ்டோஸ்டிரோன் ஊசி இதயத்துக்கு ஆகுமா?

கேள்வி: வயது 52. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. எப்போதும் அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. மாலை 5 மணிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 248 (ng/dL). ஊசி போடச் சொல்கிறார்கள். மாரடைப்பு வரும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த 248-ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாலையில் இந்த ஹார்மோன் இயல்பாகவே இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். காலை 7 முதல் 10 மணிக்குள், காபிகூடக் குடிக்காமல், இரண்டு வேறு நாட்களில் ரத்தம் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இரண்டு முறையும் 300-க்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு பற்றிப் பேசலாம். தொப்பை உள்ளவர்களுக்கு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைவதால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். அதனால் 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் அளவு), பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களான எல்.எச்., புரோலாக்டின் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மாரடைப்பு பயத்துக்கு வருவோம். இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்த 'டிராவர்ஸ்' ஆய்வு 2023-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்று அதிகம். அங்கே தந்தது தினமும் பூசும் ஜெல். ஊசிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டோம்.

ஊசி தொடங்கினால் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) கண்காணிப்பு கட்டாயம். ஹீமட்டோகிரிட் 54 சதவீதம் தாண்டினால் நிறுத்த வேண்டும், ரத்தம் கெட்டியாகிவிடும். குழந்தை வேண்டுமென்பவர்களுக்கு ஊசி கூடாது, விந்தணு குறையும்.

விறைப்புக் குறைவும் இருந்தால் முதலில் இதயத்தைப் பாருங்கள். இதயக்குழாய் அடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் எடுப்பவர்கள் கடையில் சில்டெனாஃபில் (விறைப்புக்கான மாத்திரை) வாங்கிப் போடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும்.